கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களின் கேள்விகள்

"காலையில் எழுந்தால் தலை ஏன் கனக்கிறது?" என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். படுக்கும் அறை எப்படி இருக்கும் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தேன். அதற்குப் பலர் தங்கள் படுக்கையறையையே வரைந்து அனுப்பிவிட்டார்கள். கட்டில் எங்கே, ஜன்னல் எங்கே, பீரோ எங்கே என்று அம்புக்குறி போட்டு! நுரையீரல் மருத்துவராக இத்தனை காலம் திருச்சியில் உட்கார்ந்திருந்தும் இவ்வளவு விவரம் எந்த நோயாளியும் எனக்குச் சொன்னதில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் அதில்தான் படுக்கிறோம். இரவு பத்து மணிக்கு ஏசி போட்டால் காலை ஆறு வரை ஓடும். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கதவின் அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைப்பேன். எட்டு மணி நேரம் தூங்கியும் எழும்போது தலை பாரமாக இருக்கிறது. மகள் பள்ளி வேனிலேயே தூங்கி வழிகிறாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கேஸ் சரியாக இருக்கிறது, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்கிறார்.
— வாசகர், வேளச்சேரி

மெக்கானிக் சொன்னது சரி. கோளாறு அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுவருக்கு வெளியே ஒரு பெட்டி இருப்பதால் வரும் எண்ணம் அது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே போவது செம்புக் குழாய். அதற்குள் ஓடுவது மெக்கானிக் சொன்ன அந்த கேஸ் மட்டுமே. காற்று ஓடுவதில்லை. உள்ளே இருக்கும் பெட்டி உங்கள் அறைக் காற்றையே இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் விடுகிறது. இரவு முழுக்க நீங்கள் மூவரும் விட்ட மூச்சைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்துக்குப் பதினொன்று, உயரம் பத்தடி என்றால் 1,100 கன அடி, ஏறக்குறைய 31,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். குழந்தை கொஞ்சம் குறைவாக. மூவருக்கும் சேர்த்து 30 லிட்டர் என்று வையுங்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்குதான் இந்த வாயு, அதாவது 420 பிபிஎம். முழுக்க அடைத்த உங்கள் அறையில் அது மணிக்கு ஆயிரம் வீதம் ஏறும். எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக அடைபடாது, ஜன்னல் சட்டத்தின் வழியாகக் கொஞ்சம் கசியும். அதனால் நள்ளிரவுக்கு மேல் 2,500, 3,000 என்று ஏதோ ஓர் இடத்தில் போய் நிற்கும். கசிவதற்கு இருந்த பெரிய வழி கதவின் அடி. அதைத்தான் நீங்கள் துண்டு வைத்து அடைத்துவிட்டீர்கள்.

பயப்பட வேண்டாம், இது விஷ அளவு இல்லை. ஆலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பிபிஎம் வரை அனுமதிக்கிறார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லாத காற்று வேறு, நன்றாகத் தூங்குவதற்கு ஏற்ற காற்று வேறு. 1858-லேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார விஞ்ஞானி, வீட்டுக் காற்றில் கரியமில வாயு 1,000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்தார். அந்த வாயுவே கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. மனிதர்கள் இருக்கும் அறையில் அது ஏறுகிறது என்றால் வியர்வை, உடல் நாற்றம், ஈரம் எல்லாமே கூடவே ஏறுகிறது, அதை அளக்க இது நல்ல அடையாளம் என்றார். தூக்கத்தைக் கெடுப்பது கரியமில வாயுவா, அதனுடன் சேரும் மற்றவையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது முக்கியமில்லை. ஜன்னலைத் திறந்தால் இரண்டும் வெளியே போய்விடும்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் விடுதி அறைகளில் மாணவர்களைத் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. ஒரு வாரம் அடைத்த அறை, அடுத்த வாரம் சின்ன மின்விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளும் அறை. அடைத்த அறையில் சராசரி 2,400 பிபிஎம் அளவில் இருந்தது, மற்றதில் 835. காற்று வந்த வாரத்தில் தூக்கம் மேம்பட்டது கையில் கட்டிய கருவியிலேயே தெரிந்தது. மறுநாள் தூக்கக் கலக்கம் குறைந்தது, தர்க்கச் சோதனையில் மதிப்பெண்ணும் கூடியது. ஆட்கள் குறைவான, சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதே கதையைத்தான் என் மருத்துவமனை மேஜைக்கு எதிரில் தினமும் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில் துண்டை எடுங்கள். கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். ஹாலில் இருக்கும் அத்தனை காற்றும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். கதவு திறந்தால் தூக்கம் வராது என்றால் வேறு வழி இருக்கிறது. அறையோடு ஒட்டிய குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதை ஓடவிட்டு, குளியலறைக் கதவை லேசாகத் திறந்து வையுங்கள். அது பழைய காற்றை வெளியே இழுக்கும், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கில் புதுக்காற்று வரும். துண்டு இல்லாவிட்டால்தான் வரும்! ஜன்னலில் கொசு நெட் இருந்தால் ஓர் அங்குலம் திறந்தாலும் போதும்.

கரண்ட் பில் ஏறுமே என்கிறீர்களா? கொஞ்சம் ஏறும். அதை வேறு இடத்தில் பிடியுங்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்று விற்கும் ஏசிகளெல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளி போர்த்துகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். 26-இல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கு எட்டு வயது. அந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேனில் தூங்கத்தான் செய்வாள். அவளை எட்டரைக்குப் படுக்கவையுங்கள். உங்கள் தலைபாரத்தை மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள்.

கொசுவர்த்திச் சுருள் ஏற்றாவிட்டால் என் மாமியாருக்குத் தூக்கமே வராது. அந்த வாசனை பழகிவிட்டது என்கிறார். என் பையன் அவர் அறையில்தான் படுப்பான், விடியற்காலையில் இருமுகிறான். லிக்விட் வாங்கி வைத்தேன். "இதெல்லாம் கொசுவுக்கு உறைக்காது" என்று ஒதுக்கிவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது?
— வாசகி, மதுரை செல்லூர்

உங்கள் மாமியாரிடம் சொல்ல ஓர் எண் தருகிறேன். சீனா, மலேசியா நாட்டுச் சுருள்களை எரித்து அளந்த ஓர் ஆராய்ச்சி 2003-இல் வெளியானது. ஒரு சுருள் முழுக்க எரியும்போது வரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் எரிந்து வரும் அளவுக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். பேரன் படுக்கும் அறையில் யாராவது ஒரு சிகரெட் பற்றவைத்தாலே அவரே எழுந்து சண்டை போடுவார் இல்லையா?

கொசுவைத் துரத்துவது அந்தப் புகை இல்லை, சுருளில் கலந்திருக்கும் மருந்து. புகை என்பது மரத்தூளும் தேங்காய்ச் சிரட்டைத் தூளும் மெதுவாக எரிவதால் வருவது. மருந்தைப் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போகும். ஆஸ்துமா போக்கு உள்ள பிள்ளைகளுக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மூச்சுக்குழாய் இயல்பாகவே சுருங்கும். சுருளும் இரவெல்லாம் எரிந்து அந்த நேரத்தில்தான் முடியும். உங்கள் பையன் இருமுவதும் அப்போதுதானே?

லிக்விட் பரவாயில்லை, அதில் புகை இல்லை. ஆனால் அதுவும் பூச்சிமருந்துதான். தலைமாட்டில் வைத்து ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுப்பதற்காக உண்டானது இல்லை. கட்டிலை விட்டுத் தள்ளி, ஜன்னல் பக்கமாக, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் போட்டு, படுக்கும்போது அணைத்துவிடலாம்.

என் ஓட்டு எப்போதும் கொசுவலைக்குத்தான். இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: தமிழ்நாட்டில் நாம் ஜன்னலை எதற்காகச் சாத்துகிறோம்? குளிருக்காகவா? கொசுவுக்காக. சாத்திய அறையில் புழுக்கம் தாங்காமல் ஏசி. ஏசி இல்லாதவர்களுக்குச் சுருள். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே வெட்டுவது ஜன்னல் நெட்டும் கட்டில் வலையும். எந்த விலை கொடுத்து வாங்கும் ஏர் பியூரிஃபையரும் செய்யாத வேலையை அது செய்கிறது, ஜன்னலைத் திறக்கவைக்கிறது.

வலைக்குள் ஃபேன் காற்று வராது என்பார் மாமியார். நியாயமான புகார். சீலிங் ஃபேன் காற்று வலையில் பட்டுப் பாதிதான் இறங்கும். கட்டில் உயரத்துக்கு ஒரு பெடஸ்டல் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். கொசுவுக்கும் காற்றில் பறந்து வந்து உட்காரச் சிரமமாக இருக்கும். வலையின் விளிம்பு தொங்கக் கூடாது, மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்தி, ஏழரைக்கு மேல் நெட்டோடு திறந்துவிடுங்கள். ஜன்னலில் ஒட்டும் வெல்க்ரோ நெட்டை மாதம் ஒருமுறை கழற்றி அலச வேண்டும். தூசி அடைத்த நெட் வெறும் துணி மாதிரி, காற்றே விடாது.

வாசனைதான் வேண்டும் என்றால் மாமியார் தலையணை அருகே இரண்டு மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளட்டும். மதுரையில் அதற்கா பஞ்சம்?

மூன்று மாதக் குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டியதும் அம்மா சாம்பிராணி காட்டுகிறார். "சளி பிடிக்காது, நன்றாகத் தூங்கும்" என்கிறார். குழந்தை நன்றாகத் தூங்குவதும் உண்மைதான். தொடரலாமா டாக்டர்?
— வாசகி, கும்பகோணம்

எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளித்து, வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை எப்படியும் நன்றாகத் தூங்கும். பெயர் மட்டும் சாம்பிராணிக்குப் போகிறது.

தணலில் போட்ட சாம்பிராணியின் புகையும் நுண்துகள்தான். அதோடு கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வரும். மூன்று மாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் ஒல்லி. கொஞ்சம் வீங்கினாலே மூச்சு இழுக்கும். அடிக்கடி புகை காட்டிய குழந்தைகளை "பால் குடிக்கும்போது மூச்சு வாங்குது" என்று தூக்கிக்கொண்டு வருவதை நிறையவே பார்த்திருக்கிறேன். இப்போது கடைகளில் விற்கும் கப் சாம்பிராணியில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பது இன்னொரு கவலை.

பருத்தித் துண்டால் தலையை நன்றாக ஒற்றி எடுங்கள், போதும். அம்மாவின் மனசும் நோகக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடட்டும், வாசலில், கூடத்தில், ஜன்னல் கதவெல்லாம் திறந்துவைத்து. அந்த நேரம் குழந்தை மாடியிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும். புகை முழுக்க அடங்கியபின் உள்ளே கொண்டுவாருங்கள். பிறந்த குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் கற்பூரம் கலந்த தைலம் தடவுவதையும் நிறுத்திவிடுங்கள். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கும்.

கோத்தகிரியில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் இரவு குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரி போட்டுப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். புகை எதுவும் வருவதில்லை. தப்பில்லைதானே?

தப்பு. உயிரே போகும்.

புகை வராததுதான் ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தின் சிவப்பணுவில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். தூங்குகிறவருக்கு இவை எதுவுமே தெரியாது, தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் குளிர்காலத்தில் வரத்தான் செய்கின்றன. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்காதீர்கள். படுக்கும் அறைக்குள் கரி வேண்டாம், அவ்வளவுதான். வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, கம்பளிக் காலுறை. கரண்ட் இல்லாத இரவில் ஜெனரேட்டரை ஜன்னலுக்கு அடியில் ஓடவிடுகிற சமவெளிக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் என் அறைச் சுவர் மட்டும் ஓதம் காத்துக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு முறை புட்டி போட்டுப் பெயின்ட் அடித்தாயிற்று. காலையில் எழுந்ததும் இருபது தும்மல். தலையணை அம்மா தைத்த இலவம்பஞ்சு, பல வருடம் ஆகிறது. தும்மலுக்குக் காரணம் சுவரா தலையணையா?
— வாசகர், சீர்காழி

இரண்டும். எது அதிகம் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நான்கு நாள் வேறு அறையில், அதே தலையணையோடு படுத்துப் பாருங்கள். தும்மல் நின்றால் சுவர். நிற்காவிட்டால் தலையணை.

சுவரிலிருந்து ஆரம்பிப்போம். உள்பக்கம் பெயின்ட் அடித்துப் பயனில்லை. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. அடுத்த மழையில் குடையோடு வெளியே போய் அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசலா, மாடிக் குழாய் வழிந்து சுவரில் இறங்குகிறதா, மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா? அதை அடைக்காமல் உள்ளே என்ன பூசினாலும் அடுத்த ஐப்பசிக்கு உரியும். பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தும்மல்காரர் நீங்கள் துடைக்கவே கூடாது, வேறு யாராவது செய்யட்டும். நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில் பீரோ அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அதை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பின்பக்கத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பூஞ்சையின் தலைமையகமே அங்கேதான் இருக்கும். மழைக்காலத்தில் துணி காயவைக்கும் கொடியும் அந்த அறையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாளித் துணி காயும்போது அதன் தண்ணீர் எங்கே போகும்? உங்கள் சுவருக்கும் மூக்குக்கும்தான்.

இனித் தலையணை. மூக்கடைப்பு, தும்மல் என்று வருகிறவர்களிடம் "அடுத்த முறை வரும்போது தலையணையைக் கொண்டுவாருங்கள்" என்பேன். வெட்கப்பட்டுக்கொண்டே பையில் மறைத்து எடுத்து வருவார்கள். உறையைக் கழற்றினால் பழுப்பு வரைபடங்கள். அத்தனையும் எச்சில், எண்ணெய், வியர்வை. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசிப் பூச்சிகளுக்கு அது விருந்து மண்டபம். கால் மில்லிமீட்டர் அளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடிப்பதும் இல்லை. அவற்றின் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் காய்ந்து சாகும். சீர்காழி மாதிரிக் கடலோர ஊரில் அது நடக்கிற காரியமா?

அதனால் வெயில்தான் வழி. இப்போது இல்லை, கார்த்திகை தாண்டட்டும். தலையணையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மொட்டைமாடியில் நல்ல வெயிலில் உச்சிநேரம் முழுக்க வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். 55 டிகிரிக்கு மேல் சூடானால் பூச்சிகள் தாங்காது. ஆனால் செத்தாலும் எச்சம் உள்ளேயேதான் இருக்கும். பிறகு கம்பால் தட்டி உதற வேண்டும். மாடியிலேயே, காற்று அடிக்கும் பக்கமாக நின்று. உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பல வருடமான இலவம்பஞ்சு கட்டிகட்டியாகித் தூளாகியிருக்கும். அம்மா தைத்த துணியை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சை மாற்றிவிடுங்கள் என்பது என் யோசனை.

படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்கள். இரவில் செடி கரியமில வாயு விடும், வைக்காதே என்கிறார் தாத்தா. யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவி, கோவை

இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகிறது. செடி பற்றிய பேச்சு 1989-இல் நாசா செய்த ஓர் ஆய்வில் ஆரம்பித்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. அதன்பின் வந்த பல ஆய்வுகளையும் 2019-இல் திரட்டிப் பார்த்தபோது, ஜன்னல் இடுக்கில் தானாக வரும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கணக்கு வந்தது. கட்டிலை எங்கே போடுவீர்கள்? தாத்தா சொல்லும் இரவு மூச்சும் நீங்கள் விடும் மூச்சுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அழகுக்கு வையுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

வீடு மெயின் ரோட்டை ஒட்டி இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தூசியும் புகையும். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், சென்னை போரூர்

உங்கள் நிலைமையில் வாங்கலாம். ஆஸ்துமா நோயாளி வீட்டில் இருந்தால் வாங்கவே சொல்வேன். ஒரு விஷயம் புரிந்துகொண்டு வாங்குங்கள்: பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. அதனால் அதைப் போட்டுவிட்டு அறையை இறுக்கி அடைத்தால் வேளச்சேரிக்காரர் கதைதான்.

அட்டையில் மூன்றே மூன்றைப் பாருங்கள். முதலில், நுண்துகளையும் பிடிக்கும் உண்மையான ஹெப்பா ஃபில்டர். "ஹெப்பா டைப்" என்று போட்டிருந்தால் வேண்டாம். அடுத்து சிஏடிஆர் எண், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது. அறையின் கொள்ளளவை ஐந்தால் பெருக்குங்கள். பத்துக்குப் பதினொன்று அறை என்றால் 31 கன மீட்டர், 155-க்குக் குறையாமல் வேண்டும். அதுவும் முழு வேகத்தில் சொல்லும் எண். முழு வேகத்தில் போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது, அதனால் இருநூற்றைம்பது, முந்நூறு உள்ளதை வாங்கி மெதுவாக ஓடவிடுவது புத்திசாலித்தனம். கடைசியாக, மாற்று ஃபில்டரின் விலை. மெஷினைத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு ஃபில்டரில் வசூலிக்கிறார்கள். அயனி, ஓசோன் என்று பெருமையாக எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் நல்லது, நெஞ்சுக்குள் வந்தால் எரிச்சல்.

ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, பின்பக்க ஜன்னலை இரவு பதினொன்றுக்கு மேல் வண்டி குறைந்தபின் திறந்து பாருங்கள். போகி அன்றும் தீபாவளி இரவிலும் மட்டும் எதையும் திறக்க வேண்டாம்.

என் கணவருக்கு 46 வயது. ஏசி வேண்டாம் என்று ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துத்தான் படுக்கிறோம். நல்ல காற்று வருகிறது. ஆனாலும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார், போன வாரம் சிக்னலில் வண்டியிலேயே கண் சொருகிவிட்டது. குறட்டை பயங்கரம். நடுவில் நின்று, பிறகு திடுக்கென்று இழுக்கிறார். வேறு என்ன மாற்ற வேண்டும் அறையில்?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

அறையில் எதையும் மாற்ற வேண்டாம். அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இந்த வாரமே.

குறட்டை நடுவில் நிற்கிறது என்றால் தொண்டை மூடிக்கொண்டு மூச்சே நிற்கிறது. தூக்க மூச்சடைப்பு என்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சு வாங்கவைக்கும். இப்படி மணிக்குப் பல முறை நடந்தால் அவர் தூங்கியதாக நினைப்பாரே தவிர, மூளை தூங்கியிருக்காது. ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கும் கெடுதல். சட்டைக் கழுத்தளவு, எடை, பிரஷர் மாத்திரை போடுகிறாரா என்று மருத்துவர் கேட்பார். ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை எடுக்கச் சொல்வார். இப்போது வீட்டிலேயே கருவி பொருத்தியும் செய்கிறார்கள். போகும்போது உங்கள் போனில் அவர் குறட்டையை இரண்டு நிமிடம் பதிவு செய்து கொண்டுபோங்கள். "நானா, குறட்டையா?" என்று மருத்துவர் எதிரில் சாதிக்காத கணவரை நான் பார்த்ததில்லை. சிகிச்சை ஆரம்பிக்கும் வரை வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

ஏசி அறையில் தொண்டை வறளாமல் இருக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

இன்று இரவு வைத்துப் பாருங்கள், விடிந்ததும் எவ்வளவு குறைந்தது என்று அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். சில ஸ்பூன் குறைந்திருக்கும். அதே இரவில் ஏசியின் வடிகுழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தால் அதில் லிட்டர் கணக்கில் நிற்கும். கிண்ணம் எப்படி ஜெயிக்கும்? தொண்டை வறண்டு எழுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்குகிறவர்கள். ஏசி ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி இரண்டு வாரம் ஆகியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுப் பாருங்கள். அப்படியும் அடைப்பு விடாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது, மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம்.